மணிமுக்தாறு: ஓடாத நாளிலும் வேலை செய்யும் ஆறு

மணிமுத்தாறு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணியோடு சேரும் ஆறும், அதன் குறுக்கே நிற்கும் 118 அடி அணையும்தான். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிச் சேலம் நகரைக் கடந்து காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாறு இன்னொன்று. சிவகங்கைச் சீமையிலும் ஒரு மணிமுத்தாறு உண்டு. இங்கே பேசப்போவது நான்காவதை: கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சி மாவட்டத்தைக் கடந்து, விருத்தாசலம் ஊரைத் தொட்டுக்கொண்டு போய், கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கும் மணிமுக்தாறு. மழைக்காலத்தில் அணை நீர்மட்டம், உபரிநீர் திறப்பு என்று கைபேசியில் செய்தி வரும்போது எந்த மணிமுத்தாறு என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அணை 36 அடி. ‘100 அடியைத் தாண்டியது’ என்று வந்தால் அது நம்முடையது அல்ல.

வெள்ளாற்றிலும் இதே குழப்பம் உண்டு. புதுக்கோட்டை வழியே போவது தென் வெள்ளாறு. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாகப் பழைய பாடல்கள் சொல்வது அதைத்தான். சேலம் மாவட்டத்திலிருந்து வந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்வது வட வெள்ளாறு. மணிமுக்தாறு இந்த வட வெள்ளாற்றின் பெரிய துணையாறு.

பெயர் பழையது. திருஞானசம்பந்தர் திருமுதுகுன்றத்தைப் பாடும்போது இதை ‘முத்தாறு’ என்கிறார். மலர்க்கொத்தும் சந்தனமும் அகிலும் சுமந்து வந்து குன்றின் அடியில் விழும் ஆறு அது. பாட்டை அலங்காரம் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. காட்டு மலையில் பெருமழை பெய்தால் முதல் வெள்ளம் மரத்தையும் சருகையும் அடித்துக்கொண்டுதான் வரும். இன்றைக்கும் அணைக்கட்டில் நிற்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் செத்தையைத்தான். ‘முக்தா’ என்பது முத்தைக் குறிக்கும் வடசொல். ஊர்ப்பேச்சில் மணிமுத்தாறு, அரசு ஏடுகளில் மணிமுக்தா. மலையடியில் அணைக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளை மணி நதி, முக்தா நதி என்று தனித்தனியாகச் சொல்வதும் உண்டு.

ஒரே மலை, இரண்டு வழி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெரும்பகுதி 2,000 அடியிலிருந்து 3,000 அடி உயரம். வடபாதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பாதியைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். மேலே மேடும் பள்ளமுமான பீடபூமி, ஓரங்களில் செங்குத்தான சரிவு. பெய்த மழை மேலே கொஞ்ச நேரம் தங்கும். சரிவுக்கு வந்துவிட்டால் தங்காது.

இந்த மலையின் தண்ணீர் பிரியும் விதத்தைப் புரிந்துகொண்டால் கடலூர் மாவட்டத் தென்பகுதியின் வெள்ளமும் வறட்சியும் பாதி புரிந்துவிடும். மேற்குச் சரிவின் நீர் ஆத்தூர், தலைவாசல் வழியாக ஓடும் வசிஷ்ட நதிக்குப் போகிறது. வசிஷ்ட நதி சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, தொழுதூர், பெலாந்துறை வழியாகக் கிழக்கே வருகிறது. கிழக்குச் சரிவின் நீர் மணிமுக்தாறும் கோமுகியுமாக இறங்குகிறது. இரண்டு வழியாகப் பிரிந்த ஒரே மலையின் தண்ணீர் கூடலையாற்றூரில் மறுபடி ஒன்றாகிறது. ஆகவே கல்வராயனில் பெருமழை என்றால் சேத்தியாத்தோப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளம் வரும். வசிஷ்ட நதி வழி சுற்று வழி, அந்த நீர் பொதுவாகப் பின்னால் வரும். இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் கூடலையாற்றூரை அடையும் மழைதான் ஆபத்தான மழை: முதலில் மேற்கே பெய்து, பிறகு கிழக்கே நகர்ந்து பெய்வது.

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழை. கல்வராயனுக்குத் தென்மேற்குப் பருவத்திலும் ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல மழை கிடைக்கும். அதனால் சில ஆண்டுகளில் கடலூரில் வெயில் கொளுத்தும்போதே மலையடி அணைகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு முன்னே அணை நிரம்பிய ஆண்டு விவசாயிக்கு மகிழ்ச்சியான ஆண்டு. வெள்ளத்தைக் கவனிப்பவருக்கோ அது கவலை தரும் ஆண்டு, ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது அணையில் இடம் இருக்காது.

இரண்டு சிறிய அணைகள்

மணிமுக்தாற்றின் குறுக்கே சூளாங்குறிச்சியில் மணிமுக்தா அணை: உயரம் 36 அடி, கொள்ளளவு 736 மில்லியன் கன அடி. கோமுகியின் குறுக்கே கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணை: 46 அடி, 560 மில்லியன் கன அடி. பொட்டியம், மாயம்பாடி, கல்படை, பரிகம் ஆகிய மலையோரப் பகுதிகளின் ஓடைகள் கோமுகி அணைக்கு நீர் தருகின்றன. கோமுகி அணை 1960-களின் நடுவிலும் மணிமுக்தா அணை 1970 வாக்கிலும் பயன்பாட்டுக்கு வந்தவை.

இந்த எண்களைப் பழகிய எண்களோடு வைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். வீராணம் ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இரண்டு அணைகளையும் சேர்த்தால் 1,296. அதாவது மலையடியில் இருக்கும் இரண்டு அணைகளும் நிரம்பினாலும் ஒரு வீராணம் ஆகாது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணை 7,321 மில்லியன் கன அடி. மணிமுக்தா அணை அதில் பத்தில் ஒரு பங்கு.

அணைக்குள் ‘வினாடிக்கு இத்தனை கன அடி வரத்து’ என்று சொல்வதைக் கொள்ளளவோடு ஒப்பிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வினாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் வந்தால் 86,400 கன அடி சேரும். மணிமுக்தா அணையின் 736 மில்லியன் கன அடியை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 8,500. வினாடிக்கு 8,500 கன அடி வந்தால் காலி அணையே ஒரே நாளில் நிரம்பிவிடும். 10,000 கன அடி வந்தால் 20 மணி நேரம். கோமுகி அணைக்கு அதே 10,000 கன அடி வந்தால் 16 மணி நேரம்கூடத் தாங்காது. இது காலி அணையின் கணக்கு. நவம்பரில் அணை காலியாக இருப்பதில்லை.

மழையிலிருந்தும் கணக்கிடலாம். 100 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 353 மில்லியன் கன அடி. மண் ஏற்கெனவே நனைந்திருந்து பாதி நீர் ஓடிவந்தால்கூட 176 மில்லியன் கன அடி. மணிமுக்தா அணையின் கால் பங்கு. ஒரு இரவு மழைக்கு அணை கால் பங்கு ஏறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பாதுகாப்புக்காக மணிமுக்தா அணையை 34 அடியிலும் கோமுகி அணையை 44 அடியிலும் நிறுத்தி, மேலே வருவதை அப்படியே ஆற்றில் விடுவது ஏன் என்று புரியும். கடைசி இரண்டு அடி சிறிதாகத் தோன்றும். ஆனால் அணை மேலே போகப்போக அகலும். அந்த இரண்டு அடியில் அடங்கும் நீர் அடிமட்டத்தின் இரண்டு அடியைப்போலப் பல மடங்கு.

எனவே இவை வெள்ளத்தை அடக்கும் அணைகள் அல்ல. பாசன அணைகள். அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ஒரு போகம் நெல்லுக்கு நிலத்தில் 1.2 மீட்டர் உயரத்துக்கு நீர் தேவை என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1.7 லட்சம் கன அடி ஆகும். வழியில் ஒரு சொட்டும் வீணாகாமல் போனால் முழு மணிமுக்தா அணை 4,300 ஏக்கருக்குப் போதும். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு கசிந்து போவது சாதாரணம். புல் மண்டி, கரை சரிந்த வாய்க்காலில் பாதியே போய்விடும். அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதைவிட வாய்க்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கடைமடை விவசாயியின் கேள்வி. அவர் கேட்பதுதான் சரி.

நல்லூர் முக்கூடல்

அணைகளுக்குக் கீழே மணிமுக்தாறும் கோமுகியும் தனித்தனியே கிழக்கும் தென்கிழக்குமாக வருகின்றன. கோமுகி கள்ளக்குறிச்சி ஊரைக் கடந்து வருகிறது. கடலூர் மாவட்ட எல்லைக்குள், வேப்பூர்ப் பக்கம் நல்லூரில் இரண்டும் சேர்கின்றன. மயூரா நதி என்று சொல்லப்படும் சிற்றாறும் அங்கேயே வந்து கலப்பதால் ஊரார் முக்கூடல் என்பார்கள். வில்வவனேசுவரர் கோயில் அந்தக் கூடலில்தான் இருக்கிறது. மாசி மகத்துக்குக் கூட்டம் கூடும்.

நிர்வாகக் கணக்கில் நல்லூர் ஒரு முக்கியமான முனை. 1993 வரை முழு ஆறும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு விழுப்புரம் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்று அணைகள் ஒரு மாவட்டத்தில், அணைத் திறப்பால் நனையும் தரைப்பாலங்களும் விருத்தாசலமும் இன்னொரு மாவட்டத்தில். வெள்ளநீர் நிறைந்த ஆற்றில் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் என்று எடுத்துக்கொண்டால், மலையடியில் திறந்த நீர் 50, 60 கிலோமீட்டர் கடந்து விருத்தாசலத்துக்கு வர ஏறக்குறைய 10 மணி நேரம். மாலையில் திறந்தால் விடியலில் வந்துவிடும். இடையில் தரைப்பாலம் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகும் ஊர்களுக்கு அந்த ஓர் இரவுதான் அவகாசம். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு நீர் ஓடும்போது இருசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பவர்கள் பயப்பட வேண்டியது ஆழத்துக்கு அல்ல, பாலத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கும், விளிம்புக்கு அப்பால் நீர் குடைந்த பள்ளத்துக்கும்.

ஆண்டின் முதல் நீர் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. காய்ந்து கிடக்கும் மணல் படுகை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். திறந்த நீர் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காணாமல் போய், இரண்டு மூன்று நாள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. அது வீணான நீர் என்று நினைப்பது தவறு. அதை மணல் என்ன செய்கிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அணைக்கட்டு எப்படி வேலை செய்கிறது

மணிமுக்தாற்றில் மேமாத்தூர் அணைக்கட்டும் விருத்தாசலம் அணைக்கட்டும் முக்கியமானவை. அணை வேறு, அணைக்கட்டு வேறு. அணை நீரைத் தேக்கும். அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே கிடக்கும் ஒரு தாழ்ந்த சுவர். நீர்மட்டத்தைச் சில அடி உயர்த்தி, பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்புவது மட்டுமே அதன் வேலை. நிரம்பியதும் மேலே வழிந்து ஓடிவிடும். வெள்ளத்தை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது.

அதற்கு நான்கு உறுப்புகள். ஆற்றின் குறுக்கே சுவர். சுவரை ஒட்டி, வாய்க்கால் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் மணற்போக்கி. கரையில் வாய்க்காலுக்குள் நீர் விடும் தலை மதகு. சுவரின் கீழ்ப்பக்கம், வழியும் நீர் விழும் கல் தளம். இவற்றை இயக்குவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் வெள்ளம் வரும்போது தலை மதகை மூடி மணற்போக்கியைத் திறந்து வைக்க வேண்டும். கலங்கல் நீரும் மணலும் செத்தையும் அதன் வழியே போய்விடும். நீர் சற்றுத் தெளிந்த பிறகு மணற்போக்கியை மூடினால் மட்டம் ஏறும். அப்போது தலை மதகைத் திறக்க வேண்டும். உச்ச வெள்ளத்தில் தலை மதகை மறுபடி இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கால் கரை உடையும். அவசரத்தில் தலை மதகை முதலில் திறந்தால் என்ன ஆகும்? மணல் வாய்க்காலுக்குள் புகுந்து முதல் சில நூறு அடியிலேயே படிந்துவிடும். பிறகு அந்தப் பருவம் முழுக்க வாய்க்கால் பாதி நீரே வாங்கும். மணற்போக்கி ஷட்டர் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்ட அணைக்கட்டில் இந்த வரிசையைப் பின்பற்றவே முடியாது. பருவத்துக்கு முன் கிரீஸ் போட்டு, ஒரு முறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைத் தள்ளிப்போடுவதால் ஆகும் நட்டம் ஒரு ஏரிக்குரிய தண்ணீர்.

சுவரின் கீழ்ப்பக்கம்தான் அணைக்கட்டின் பலவீனம். மேலிருந்து விழும் நீர் தளத்தின் நுனியில் மண்ணைக் குடையும். அங்கே ஆற்றுப்படுகை பழைய மட்டத்தில் இருக்கும் வரை தேங்கிய நீரே மெத்தைபோல விழுகையைத் தாங்கிக்கொள்ளும். படுகையிலிருந்து மணலை அள்ளி மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், நீர் ஒரு மீட்டர் கூடுதலாக விழுகிறது. தளத்தின் அடியில் பொந்து விழுகிறது. கல் தளம் தொங்க ஆரம்பித்து, ஒரு வெள்ளத்தில் பிளந்துவிடுகிறது. நூறு ஆண்டுக்கு மேல் நின்ற கட்டுமானங்கள் இப்படித்தான் கண்முன்னே விழுகின்றன. அணைக்கட்டு இல்லாத இடத்தில் நேரடியாக ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் கதி இதைவிட மோசம். படுகை இறங்கிவிட்டால் வாய்க்காலின் வாய் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். முன்பு சாதாரண ஓட்டத்திலேயே நீர் வாங்கிய வாய்க்கால், இப்போது பெருவெள்ளத்துக்காகக் காத்திருக்கிறது. வந்தால் உடைப்போடு வருகிறது.

வாய்க்கால் நீர் ஏரிக்குப் போகிறது. ஆற்று நீர் வரும் ஏரிக்கும் வானம் பார்த்த ஏரிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வானம் பார்த்த ஏரி மழைக்கு ஒரு முறை நிரம்பும். ஆற்று நீர் ஏரி ஒரு போகத்தில் இரண்டு மூன்று முறை நிரம்பலாம். ஆகவே கொள்ளளவைவிட அதிக நிலத்துக்குப் பாயும். ஏரிக் கரை உடைவதற்குப் பெருமழை காரணம் என்பார்கள். இடத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் கிடைக்கும். மதகை ஒட்டிய மண்ணில் கசிவு. எலி வளை, நண்டு வளை. மீன் குத்தகைக்காகக் கலிங்கில் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) கட்டிய வலையில் செத்தை அடைத்து, வழிய வேண்டிய நீர் கரை மேல் ஏறியது. இன்னும் ஓர் அடி நீர் கிடைக்கட்டும் என்று கலிங்கின் மேல் அடுக்கிய மணல் மூட்டை. கரையின் காலில் வெட்டி எடுத்த மண்.

கரையில் கசிவு கண்டால் முதலில் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்து வந்தால் ஆள் போட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது என்று பொருள். அப்போது வெளிவாயை அடைக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே அழுத்தம் கூடி இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே முதலில் மணலும் மேலே ஜல்லியும் கொட்டி, நீர் வடியட்டும், மண் வராமல் இருக்கட்டும் என்று விட வேண்டும். அதே நேரத்தில் மதகைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

தரைக்குக் கீழே

கல்வராயன் முதல் நல்லூர் வரை ஆற்றுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் மட்டும் கிடைக்கும். பத்தடி தள்ளித் துளை போட்டால் வறண்டு போகலாம். விருத்தாசலத்தை நெருங்கும்போது நிலம் மாறுகிறது. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல் படிவப் பாறைகள் மேலே தெரிகின்றன. சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும் பாறைகள் அவை. விருத்தாசலத் திட்டு மூன்றில் சிறியது, அதனாலேயே பலருக்கும் தெரியாதது. அதற்குக் கிழக்கே செம்மண் மூடிய கடலூர் மணற்கல். முந்திரியும் மணிலாவும் (நிலக்கடலை) விளையும் மண் அதுதான். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்த இரண்டு பயிர்களுக்கும் இரகங்கள் தந்ததற்கு அந்த மண்ணே காரணம். வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் கரிசல், பருத்தி, மக்காச்சோளம்.

கடலூர் மணற்கல் நீரை உறிஞ்சும், சேமிக்கும், கிழக்கே சரிந்து கடத்தும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது அந்த அழுத்த நீரைக் குழாய்க் கிணறுகளால் எடுத்துத் தணித்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பிளக்காமல் இருக்கும் என்ற நிலை. இன்றும் அப்படித்தான். அந்த நீர்த்தாங்கிக்கு மழைநீர் இறங்கும் வாசல், படிவம் தரைக்கு வரும் மேற்குப் பகுதி. அதாவது விருத்தாசலத்தை ஒட்டிய செம்மண் நிலம். அங்கே ஒரு ஏரி தூர்ந்தால் அந்த ஊருக்கு மட்டும் நட்டம் என்று கணக்கு முடியாது.

ஆற்று மணலுக்கு வருவோம். மணல் வெறும் வழித்தடம் அல்ல, தொட்டி. 1 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் கொண்ட மணல் படுகையின் கன அளவு 1 லட்சம் கன மீட்டர். ஆற்று மணலில் வடித்து எடுக்கக்கூடிய நீர் ஐந்தில் ஒரு பங்கு என்று குறைவாகவே வைத்தாலும் 20,000 கன மீட்டர், 2 கோடி லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 10,000 பேர் உள்ள ஊருக்கு 36 நாள் குடிநீர். ஆவியாகாத, கொசு வராத, வடிகட்டிய நீர். மேலிருந்து ஒரு மீட்டர் மணலை எடுத்துவிட்டால் அந்த 36 நாளும் போய்விடும். அதோடு முடிவதில்லை. படுகை மட்டம் இறங்கினால் இரு கரைக் கிணறுகளின் நீரும் ஆற்றை நோக்கிச் சரிந்து வடியும். கோடையில் கிணறு வற்றியதற்கு மழையைக் குறை சொல்லும் பல ஊர்களில் உண்மையான காரணம் இதுதான். அள்ளிய குழிகள் வெள்ளத்தில் மூடித் தெரியாமல் நிற்கும். மாசி மகத்திலும் ஆடிப்பெருக்கிலும் குளிக்க இறங்குபவர்கள் இடுப்பளவு என்று நம்பி அடுத்த அடியில் மூழ்குவதும் அதே குழிகளில்தான்.

முதுகுன்றம்

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் முதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். மலை எங்கே என்று கேட்டால், அது பூமிக்குள் அழுந்தியிருக்கிறது என்று தலபுராணம் சொல்லும். மணிமுக்தாற்றின் கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயிலை மூவரும் பாடியிருக்கிறார்கள். உத்தம சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அவன் தாய் செம்பியன் மாதேவி கருங்கல் திருப்பணி செய்த கோயில்களில் இதுவும் ஒன்று.

சுந்தரர் இங்கே 12,000 பொன் பெற்று, வழியில் கள்வர் பயம் என்பதால் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். இந்தத் துறையில் அஸ்தி கரைத்தால் எலும்பு கல்லாகும் என்பதும், காசியைவிட வீசம் (பதினாறில் ஒரு பங்கு) கூட என்பதும் மக்கள் நம்பிக்கை. அதனால் ஊருக்கு விருத்தகாசி என்றும் பெயர். தாயையும் தந்தையையும் கரைக்க வரும் துறையில் இப்போது மழையற்ற மாதங்களில் ஓடுவது பெரும்பாலும் ஊரின் சாக்கடை. இதைச் சொல்லாமல் தலப்பெருமை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ஓட்டம் உள்ள ஆறு ஓரளவு கழிவை நீர்த்துப்போகச் செய்து அடித்துக்கொண்டு போகும். ஓட்டமில்லாத மணலில் விட்ட கழிவு அப்படியே கீழே இறங்கிக் கிணற்று நீரில் உப்பும் நைட்ரேட்டுமாகச் சேரும். ஆற்றுக்குள் விழும் ஒவ்வொரு வாய்க்காலையும் கரையோரக் குழாயில் பிடித்துச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோனால்தான் தீரும். வாய்க்கால் முகப்பில் வலை கட்டுவது பிளாஸ்டிக்கை மட்டுமே நிறுத்தும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் உயர்ந்த மதில் கொண்ட இந்தக் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. மலையடிக்கும் கடலோரத்துக்கும் நடுவே, ஆற்றைக் கடக்கும் இடத்தில் இருந்ததே அதன் விதி. பிறகு விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்தித்ததும் இதே இடத்தில்தான்.

கூடலையாற்றூரும் அதற்குக் கீழேயும்

விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கே, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கூடலையாற்றூர். இரண்டு ஆறு கூடுவதால் வந்த பெயர். சுந்தரர் முதலில் பாடாமல் கடந்துபோய், இறைவனே வழிகாட்டியாக வந்து காட்டிய ஊர் என்பது மரபு. நெறிகாட்டுநாதர் என்ற பெயர் அதனால். கூடும் இடத்தில் இரண்டு ஆற்று வெள்ளமும் ஒன்றையொன்று தள்ளும். வெள்ளாறு உயர்ந்து நிற்கும்போது மணிமுக்தாற்று நீர் வடிய வழியின்றிப் பின்னுக்கு எதிர்த்து ஏறும். அப்போது மணிமுக்தாற்றில் புதிதாக வெள்ளம் வராவிட்டாலும் கரையோர ஊர்களில் மட்டம் குறையாது. அணையில் திறப்பு குறைந்துவிட்டது, இங்கே ஏன் வடியவில்லை என்ற கேள்விக்கு விடை வெள்ளாற்றின் மேல்பகுதியில், தொழுதூரிலும் பெலாந்துறையிலும் இருக்கும்.

கூடிய ஆறு வெள்ளாறு என்ற பெயரோடு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கிருந்து பிரியும் வெள்ளாற்று ராஜன் வாய்க்கால் புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து நிலங்களுக்குப் பாய்கிறது. வீராணத்தின் உபரிநீரும் சேத்தியாத்தோப்பில்தான் வெள்ளாற்றில் இறங்குகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்த காவிரி நீரும், கல்வராயன் மழையும் சந்திக்கும் இடம் அது. காவிரியில் உபரி வரும் நாளும் கல்வராயனில் மழை பெய்யும் நாளும் ஒன்றானால் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு இரண்டையும் தாங்க வேண்டும். புவனகிரிப் பக்கத்து வெள்ளச் செய்தியில் வீராணம், மணிமுக்தா, தொழுதூர் என்று மூன்று பெயர்களும் சேர்ந்து வந்தால் கரையோரத்தார் மாட்டையும் நெல்லையும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் அது.

சேத்தியாத்தோப்புக்குக் கீழே நிலம் கிட்டத்தட்டத் தட்டை. பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு வளர்கின்றன. மழைக்காலத்தில் ஆற்று நீர் கடலைத் தள்ளி நிறுத்தும். மார்ச் கடந்து ஓட்டம் நின்றதும் கடல் உள்ளே நடக்கத் தொடங்கும். கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கும். நல்லூரிலும் விருத்தாசலத்திலும் மணலுக்குள் தங்கி, ஓட்டம் நின்ற பிறகும் மெல்லக் கசிந்து இறங்கும் நீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தே, ஏப்ரலில் புவனகிரிப் பக்கத்துக் கிணற்று நீரில் சோறு பொங்க முடியுமா என்பது அமைகிறது.